நண்பர் வீட்டு இஸ்தோப்புக்கு ஒரு வாங்கு: பலாவா, சவுக்கா, டர்பன்டைனா?

எங்கள் கூட்டாளி ஒருவரும் அவர் மனைவியும் லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குக் குடிபோகிறார்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கட்டிய வீடு. 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி. உள்ளே கதிரை மேசை போட்டுவிட்டால் நடமாடத்தான் இடம் இருக்கும். ஆனால் முன்பக்கம் தகரம் இறக்கி ஒரு இஸ்தோப்பு எடுத்திருக்கிறார்கள். கொழுந்து மலையையும் ரோட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார அந்த வீட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே போட ஒரு மர வாங்கு செய்து கொடுப்பதென்று நாங்கள் சில பேர் சேர்ந்து பேசிக்கொண்டோம். ஒட்டுப்பலகை வேண்டாம், முழு மரத்தில், அவர்கள் பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கிற மாதிரி வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை.

எந்த மரம், எப்படிப் பொருத்துவது, யார் கையால் செய்வது, மேலே என்ன பூசுவது என்று வந்தபோதுதான் ஆளுக்கொரு பேச்சு. மரக்காலையிலும் தச்சுப் பாஸ் பட்டறையிலும் விசாரித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இதே யோசனையில் இருக்கிற மலைநாட்டுக்காரர்களுக்கு உதவும் என்று அதை எழுதுகிறேன்.

மரத்தின் பேருக்கு முன்னால் ஈரத்தைக் கேளுங்கள்

தேக்கா பலாவா என்று வாதாடுவதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வெட்டிக் காய்ந்த பிறகும் மரம் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். காற்றின் ஈரப்பதன் 65 வீதமாக நிலைத்தால் மரத்துக்குள் ஈரம் 12 வீதம் அளவில் நிற்கும். 80 வீதமானால் 16. பனியும் மழையுமாக 90 வீதத்தில் கிடந்தால் மரம் 20 வரைக்கும் ஏறிவிடும். ஹற்றன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழை, ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில். ஊவாப் பக்கம் போனால் கணக்கு மாறும். அங்கே வருடக் கடைசியில்தான் பெரிய மழை. ஜூலை, ஓகஸ்ட்டில் கச்சான் காற்று மரத்தை உலர்த்தி எடுத்துவிடும். எந்தப் பக்கமானாலும் வாங்கு ஒவ்வொரு வருடமும் ஒரு முறை வீங்கி ஒரு முறை சுருங்கும். கொழும்பில் ஏசி போட்ட அறைக்குச் செய்கிற தளபாடக் கணக்கு இங்கே சரிவராது.

எவ்வளவு சுருங்கும்? மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது, அகலவாட்டில்தான் அசையும். பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை தேக்குப் பலகை அகலத்தில் 5 வீதம் அளவு குறையும் என்றால், யூகலிப்டஸ் 7, 8 வீதம் போகும். ஓர் அடி அகலமான யூகலிப்டஸ் பலகை மழைக்காலத்தில் 18 வீத ஈரத்தோடு இருந்து வெயில் காலத்தில் 13க்கு இறங்கினால் 4 மில்லிமீற்றர் அளவுக்குக் குறுகிவிடும். அந்த 4 மில்லிமீற்றருக்கு இடம் விடாமல் பசையும் ஆணியுமாக இறுக்கிவிட்டால் பலகை வெடிக்கும். நல்ல மரம், கெட்ட மரம் என்ற பேச்செல்லாம் இதற்குப் பிறகுதான். என்னைக் கேட்டால், நன்றாகக் காய்ந்த சவுக்கு, அதாவது தேயிலைக்கு நிழல் மரமாக நிற்கிற கிரவிலியா, ஈரம் காயாத தேக்கைவிட மேல்.

பாஸிடம் பலகையைத் தடவிப் பார்த்துக் காய்ந்துவிட்டது போலிருக்கிறதே என்றேன். "தொட்டுப் பாத்தா எல்லாப் பலகையும் காஞ்ச மாதிரித்தான் தம்பி இருக்கும். உள்ளுக்க வெட்டிப் பாக்கணும்" என்றார். அவர் சொன்ன வழி எளிது. பலகையின் நுனியிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு துண்டு அறுத்து எடுங்கள். நுனி எப்போதும் முதலில் காய்ந்துவிடும், அதை நம்பக்கூடாது. துண்டை நிறுத்து எழுதிவைத்து, கேக் சுடுகிற போரணையில் 100 பாகைக்குச் சற்று மேலே வைத்து, நிறை குறைவது நிற்கும்வரை உலர்த்தி மறுபடி நிறுங்கள். 500 கிராம் துண்டு 420இல் நின்றால், போன 80 கிராமை 420ஆல் வகுக்க வேண்டும்: ஈரம் 19 வீதம். எங்கள் பக்கத்துக்கு 14, 15க்கு வந்த பலகை கிடைத்தால் போதும். ஈரமானி வைத்திருக்கிற மரக்காலை என்றால் இந்த வேலை மிச்சம்.

பச்சைப் பலகை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர்கள், அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்ற பழைய கணக்கை மனதில் வைத்துக்கொள்ளட்டும். இங்கே அதற்கு மேலும் ஆகலாம். மழை படாமல் காற்றுப்படுகிற இடத்தில், இரண்டடிக்கு ஒன்றாக இடைக்கட்டை வைத்து அடுக்கி, நுனிகளுக்குப் பெயின்ட் அடித்துவிட வேண்டும். குடிபுகுதல் நெருங்கிவிட்டதால் எங்களுக்கு அந்த வழி ஆரம்பத்திலேயே அடைபட்டுப் போனது.

மரங்கள்

தேக்கை முதலில் தள்ளிவைத்தோம். தரத்தில் குறை ஒன்றும் இல்லை. தண்ணீரையும் கறையானையும் தாங்கும், அசைவும் குறைவு. ஆனால் அது வளர்வது உலர் வலயத்தில், விலை எட்டாத விலை, எங்கள் ஊர் மரக்காலைக்கு வருகிற தேக்கில் பாதிக்கு மேல் வைரம் பாயாத இளம் மரம். வெள்ளைப் பகுதி கலந்த தேக்குக்குக் கொடுக்கிற காசில் முற்றின பலா இரண்டு பங்கு எடுக்கலாம்.

பைனஸ் மெத்து, பிசின் கசியும், மருந்தேற்றாவிட்டால் இந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அல்பீசியா கொங்கிறீட் தட்டுக்கு நல்லது. இரண்டும் வாங்குக்கு வேண்டாம்.

டர்பன்டைன் என்று நாம் சொல்கிற யூகலிப்டஸ் இங்கே மலிவு, தாராளம், கனம், பலம். தேயிலைத் தொழிற்சாலை விறகுக்கென்று வளர்த்த மரம்தான். வெயில் மழையில் வெளியே கிடக்கப்போகிற வாங்கு, கோயில் வாசலிலோ பஸ் நிற்கிற இடத்திலோ போடுவது என்றால் முற்றின டர்பன்டைனைத்தான் சொல்வேன். வீட்டுக்கு அது முரடு. காயும்போது முறுக்கும், நுனி பிளக்கும், காய்ந்த பிறகு கைச் சீவுளிக்கு இலேசில் வசப்படாது. நார் குறுக்கும் மறுக்குமாக ஓடுவதால் சீவச் சீவச் செதில் பெயரும்.

சவுக்கு விஷயத்தில்தான் எனக்கு மனது இழுத்தது. தேயிலைக்கு நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் நிற்கிற கிரவிலியா, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து மலைநாட்டு மரமாகவே ஆகிவிட்டது. நாம் அதைக் கிளை வெட்டுகிற மரமாகவும் விறகாகவும்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். நடுத்தண்டிலிருந்து ஆரவாட்டில் அறுத்த ஒரு சவுக்குப் பலகையைச் சீவி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இளஞ்சிவப்பில், மீன் செதில் அடுக்கின மாதிரி ஒரு மினுக்கம் முழுப் பலகையிலும் ஓடும். தேக்கில் அந்த அழகு கிடையாது. இலேசான மரம், உளிக்கு மெத்தென்று போகும், விலையும் கைக்கடக்கம். நண்பரின் அம்மாயி ஒரு ஆயுள் முழுக்கக் கொழுந்தெடுத்தது இந்த மரத்து நிழலில்தான்.

இனி அதன் குறை. ஈரம் மாறி மாறிப் படுகிற இடத்தில் சவுக்கு நெடுநாள் தாங்காது. நிலத்தில் பட்டால் உக்கும், வெள்ளைப் பகுதியில் பூச்சி துளைக்கும். போரக்ஸ் கரைசலில் ஊறவைத்தால் பூச்சிக்குத் தடை, ஆனால் மழைச் சாரல் பட்டால் அந்த மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். சீவும்போது தூள் பட்டுச் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் சீவக் கூடாது. தோட்டத்து மரம் என்றால் நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். காற்றுக்கு விழுந்த மரம் என்றாலும் அதேதான். வீட்டுக்குள்ளே சுவரோரம் போடுகிற வாங்குக்கு, காய்ந்த சவுக்குக்கு மேல் வேறொன்றும் தேட வேண்டாம். இந்த இஸ்தோப்பில் சாரல் அடிக்கும். அதுதான் தடுத்தது.

பலாவுக்கு வருவோம். வைரம் பாய்ந்த பலாவைக் கறையான் இலேசில் தொடாது. ஈரத்தில் அதிகம் முறுக்காது. மிருதங்கத்துக்குக் கட்டை எடுக்கிற மரம் அது. அறுத்த புதிதில் மஞ்சளாக இருப்பது வருடம் போகப்போகக் கருந்தேன் நிறத்துக்கு இறங்கும். வாங்கு பழசாகப் பழசாக அழகாகும் என்று தைரியமாகச் சொல்லலாம். மலையின் உச்சியில் பலா நன்றாக வராது, கண்டி, மாத்தளை, கம்பளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்துதான் வரும். வெட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. நம் வளவில் நிற்கிற மரமானாலும் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். காய்க்கிற மரத்தை ஒரு வாங்குக்காக வெட்டுவதை நானும் விரும்ப மாட்டேன். மரக்காலையில் வாங்கினால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மரம் ஏற்றிச்செல்ல அனுமதிப் பத்திரம் தேவையா என்பது மரத்தைப் பொறுத்தது, லொறி பிடிப்பதற்கு முன்னால் வனத் திணைக்கள அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இதைவிட நல்ல வழி பழைய பலா. வீடு இடிக்கிற இடங்களில் கழற்றி எடுத்த பழைய வளை, கதவுப் பலகை விற்கிறவர்கள் கண்டிப் பக்கம் இருக்கிறார்கள். காய்ந்து முடிந்து, முறுக்குவதெல்லாம் முறுக்கி ஓய்ந்த மரம். புதிதாக ஒரு மரமும் விழாது. ஆணி ஒன்று உள்ளே ஒடிந்து கிடந்தாலும் சீவுளி வாய் போய்விடும் என்பதால் காந்தத்தை வைத்து ஒவ்வொரு அங்குலமும் தேட வேண்டும். ரயில் சிலிப்பர் கட்டை கிடைத்தால் அழகாக இருக்குமே என்று எங்களில் ஒருவர் சொன்னார். கருப்பாக எண்ணெய் ஊறி, தார் வாடை அடிக்கிற கட்டை என்றால் அது கிரியோசோட். பிள்ளைகள் வெறுங்காலோடு ஏறி உட்காருகிற வாங்குக்கு அந்த நச்சு ஆகவே ஆகாது.

பலா அகப்படாவிட்டால் மகோகனி. எல்லாவற்றிலும் குறைவாகச் சுருங்குகிற மரங்களில் ஒன்று, சீவுவதும் சுகம். கறையானுக்கும் நனைவதற்கும் பலா அளவு தாங்காது என்பதால்தான் இரண்டாம் இடம்.

உருவமும் பொருத்தும்

நீளம் 5 அடி, மூன்று பேர் தோளிடிக்காமல் உட்காரலாம். அகலம் 14 அங்குலம். உயரத்தை வழக்கமான 17 அங்குலத்துக்குப் பதில் 18 ஆக்கினோம். அம்மாயிக்கு மலை ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால். தாழ உட்கார்ந்தால் எழும்ப ஒரு ஆள் வேண்டும்.

பலகைத் தடிப்பில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். அங்குலப் பலகையை ஒன்றரை அங்குலமாக்கினால் விறைப்பு ஒன்றரை மடங்கு கூடும் என்றுதான் நினைப்போம். உண்மையில் மூன்று மடங்குக்கு மேல் கூடும். மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் அங்குலப் பலகை நடுவில் கண்ணுக்குத் தெரியத் தொய்யும். ஒன்றரை அங்குலம் அசையாது.

கால் வைப்பதற்கு மூன்று யோசனை. வெல்டிங் கடையில் இரும்புக் கால் அடித்துப் பூட்டுவது மலிவு, சீக்கிரம். ஆனால் இந்தப் பனியில் இரும்பு வியர்க்கும், துரு வழிந்து சிவப்புச் சீமெந்துத் தரையில் கறை போடும். அதை விட்டுவிட்டோம்.

இரண்டாவது, மேசைக்குப் போல நாலு காலும் சுற்றிவரச் சட்டமும். துளை அடித்து நாக்கு இறக்கிச் செய்தால் அசைக்க முடியாத வேலை. இதில் பலகையைச் சட்டத்தோடு நேரே திருகாணி போட்டு இறுக்கக் கூடாது. முனைகளில் குறுக்கே போகிற சட்டத்தின் நார் அதன் நீளவாட்டில் ஓடுவதால் அது அசையாது, மேலே கிடக்கிற பலகை அகலத்தில் அசையும். இரண்டையும் பூட்டினால் முன்னே சொன்ன அந்த 4 மில்லிமீற்றர் போக இடம் இல்லாமல் பலகை பிளக்கும். திருகாணித் துளையை நீளத் துளையாக எடுத்து, ஆணி நகர வழி விட வேண்டும். கவனமான பாஸ் செய்வார், அவசரக்காரர் செய்ய மாட்டார்.

மூன்றாவது, பலகைக் கால். இரண்டு பக்கமும் ஒவ்வொரு அகலப் பலகை செங்குத்தாக நிற்கும், இரண்டையும் இணைத்து நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். சட்டத்தின் நாக்கு காலின் துளை வழியாக வெளியே வந்து நிற்க, அதில் ஒரு ஆப்பை அடித்து இறுக்குவது. எங்கள் தெரிவு இதுதான். காலும் உட்காருகிற பலகையும் ஒரே திசையில் அகலம் கொண்டவை என்பதால் வீங்கினாலும் சுருங்கினாலும் சேர்ந்தே அசையும், ஒன்றையொன்று பிளக்காது. வெயில் காலத்தில் மரம் சுருங்கி ஆப்பு தளர்ந்தால் கொட்டாப்புளியால் ஒரு தட்டு, சரியாகிவிடும். பசை இல்லாததால் கழற்றலாம். புது வீட்டுக்குப் போகிற வழி ரோட்டிலிருந்து படிக்கட்டு இறங்கித் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. 5 அடி வாங்கு முச்சக்கர வண்டியில் ஏறாது. கழற்றினால் ஆளுக்கொரு பலகை தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம்.

குறுக்குச் சட்டம் இருக்கைக்கு அடியில் இருப்பதால் அதில் சாரல் படாது. அதை மட்டும் சவுக்கில் செய்கிறோம், அம்மாயி வேலை செய்த மலையில் விழுந்த மரத்தில் அறுத்து வெகுநாளாகப் பரணில் கிடந்த ஒரு சட்டத்தை எடுத்து. நீளவாட்டில் மரம் அசையாது, எனவே பலாவோடு சவுக்கைச் சேர்ப்பதில் தொந்தரவு இல்லை.

சாய்மானம் வைப்பதா என்பதில் கொஞ்ச நேரம் இழுபறி. சுவரோரம் போட்டால் சுவரே சாய்மானம். அதற்குப் பதில் ஒரு முனையில் கைப்பிடி வைக்கிறோம், ஊன்றி எழும்ப அதுதான் உதவும்.

யார் கையால், மேலே என்ன

முழுவதும் பாஸிடம் விட்டால் வேலை சுத்தமாக வரும். ஆனால் நாங்கள் கொடுக்கிறோம் என்ற உணர்வு போய்விடும். முழுவதும் நாங்களே என்றால் துளையில் பிசகும். ஆப்புப் பொருத்தில் துளை பெரிதாகிவிட்டால் வாங்கு ஆடும். மரக்காலையில் தடிப்புக்குச் சீவி எடுப்பது, துளையும் நாக்கும் பாஸ், கடைசிச் சீவல், ஓரம் உருட்டுவது, சாண்ட் பேப்பர், எண்ணெய் எல்லாம் நாங்கள் என்று பிரித்துக்கொண்டோம்.

பூச்சுக்கு வார்னிஷ் பளபளக்கும். மரம் அசையும்போது அந்தப் படலம் வெடித்து, வெடிப்பில் தண்ணீர் இறங்கி உள்ளே கருப்புத் தேமல் விழும். பிறகு முழுவதையும் சுரண்டி எடுத்துத்தான் மறுபடி பூச முடியும். லின்சீட் ஒயில் அவ்வளவு மினுங்காது, காயவும் நாளெடுக்கும். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை துணியால் துடைத்துத் தேய்த்துவிட்டால் போதும், அதை நண்பர்களே செய்துகொள்வார்கள். எண்ணெயே சரி. மேலே பூசுகிற அளவுக்கு அடிப்பக்கமும் பூச வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுத்துப் பலகை வளையும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

கால் அடிதான் முதலில் உக்குகிற இடம். தரை கழுவுகிற தண்ணீரை நுனிமரம் உறிஞ்சும். அடியில் எண்ணெயை இழுக்கிற மட்டும் திரும்பத் திரும்ப ஊற்றிவிட்டு, பழைய டயரில் வெட்டின துண்டுகளைப் பித்தளை ஆணியால் அடிக்கிறோம்.

பலகை பேசியாகிவிட்டது. வாங்கோடு கொட்டாப்புளி ஒன்றும், ஒரு போத்தல் எண்ணெயும், பலாத் துண்டில் செய்த உபரி ஆப்பு இரண்டும் சேர்த்துக் கொடுக்கிறோம். தை மாத வெயில் வந்ததும் ஆப்பை ஒரு தட்டுத் தட்டிவிடச் சொல்ல வேண்டும்.